படத்தில் வேலை செய்கிறவர்கள்: நிலக்காட்சி ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். கோடையிலும் காப்பிப் பழம் எடுக்கும் காலத்திலும் மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் நிலக்காட்சி வரையச் சொல்வது வழக்கம். பாறையும் மேகமும் தாளில் சுலபமாக ஏறிவிடும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் என்று வரும்போதுதான் பென்சில் தயங்கும். அவர்களை வரையலாமா, எவ்வளவு பெரிதாக வரைவது, வரைந்தால் தவறாகிவிடுமா என்று ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்க முயலவில்லை.

நிலக்காட்சி என்றால் மலை, மரம், தண்ணீர்தானே சார்? அதில் ஆள் எதற்கு?

ஆள் இல்லாமலும் நல்ல நிலக்காட்சி வரையலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நிலம் என்றால் ஆளற்ற இடம் என்ற எண்ணம் நம்முடையது அல்ல. ஒரு நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு அங்கே வாழ்கிறவர்களின் தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சி என்றவுடன் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்ணும் நினைவுக்கு வருகிறாள். அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மேடு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இது இன்னும் பொருந்தும். நாம் இயற்கை என்று நினைத்து வரையும் பச்சையில் பெரும்பகுதி மனிதர் நட்டு வளர்த்தது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட மரம். குழி வெட்டியவர், நாற்று நட்டவர், வருடந்தோறும் கவாத்து செய்கிறவர் எல்லோரும் அந்தப் பச்சைக்குள் இருக்கிறார்கள். ஆளை வரையாமல் விட்டாலும் அவர் செய்த வேலையைத்தான் நீங்கள் வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

உழைக்கிறவர்களை நிலக்காட்சியில் முதலில் வரைந்தது யார்?

முதல் ஆள் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் லிம்பூர்க் சகோதரர்கள் ஒரு கோமகனின் பிரார்த்தனை நூலுக்காக மாதத்துக்கு ஒரு படம் வரைந்தார்கள். மார்ச் மாதப் படத்தில் பின்னால் பெரிய கோட்டை, முன்னால் கிழ உழவர் ஒருவர் ஏர் ஓட்டுகிறார். எந்த மாதம் எந்த வேலை என்பதுதான் அந்த நாட்காட்டியின் கணக்கு. கோட்டை யாருடையது, சோறு எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் அதைக் கேள்வியாக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த ‘அறுவடை செய்பவர்கள்’. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்ட்வெர்ப் நகரத்து வணிகர் ஒருவரின் வீட்டுக்காக வரைந்த மாதப் படங்களின் வரிசையில் ஒன்று. ஒரு பக்கம் அறுப்பு நடக்கிறது. கதிர்களுக்கு நடுவே வெட்டிய பாதையில் ஒருவன் சாடிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மரத்தடியில் சிலர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவன் கால்களை விரித்துப்போட்டு, வாயைத் திறந்தபடி அசந்து தூங்குகிறான். சோம்பேறியாக அவனைக் காட்டவில்லை. விடியலிலிருந்து அறுத்த உடம்பு அப்படித்தான் விழும் என்று தெரிந்த ஓவியர் வரைந்தது. வேலையை வரைய விரும்புகிறவர்கள் முதலில் சாப்பாட்டு நேரத்தை வரைந்து பழகுங்கள் என்று நான் சொல்வது இந்தப் படத்தை வைத்துத்தான்.

ஆங்கிலேயர் வரைந்த பழைய படங்களில் வேலையாட்கள் ஏன் எறும்பு அளவுக்கு இருக்கிறார்கள்?

படத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று பாருங்கள், பாதி பதில் கிடைத்துவிடும். தாமஸ் கெயின்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ‘ஆண்ட்ரூஸ் தம்பதி’ லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஓக் மரத்தடியில் பண்ணைக்குச் சொந்தக்காரர் துப்பாக்கியோடு நிற்கிறார், மனைவி நீல உடையில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் கோதுமைக் கதிர்கள் கட்டுக்கட்டாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அறுத்தவர் ஒருவர், கட்டியவர் ஒருவர்? கிடையாது. கதிர்கள் தாமாகவே அறுந்து, தாமாகவே கட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஜான் கான்ஸ்டபிள் அவ்வளவு தூரம் போகவில்லை. 1821இல் அவர் வரைந்த ‘வைக்கோல் வண்டி’யில் முன்னால் வண்டி ஆற்றில் நிற்கிறது, வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் புல் அறுக்கிறவர்கள் தொலைவில் வெயில் படும் புல்வெளியில் சிறு வெள்ளைப் புள்ளிகள். அவர் அந்த ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருந்தவரின் மகன். வேலை தெரியாதவர் அல்ல. படகு கட்டும் இடத்தை 1815இல் அவர் வரைந்த படத்தில் உளி, சுத்தியல் முதல் தார் காய்ச்சும் பாத்திரம் வரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இருந்தும், கூலிக் குறைவாலும் கதிரடிக்கும் இயந்திரங்களாலும் கிழக்கு இங்கிலாந்தின் கூலியாட்கள் 1816இலும் 1822இலும் கலகம் செய்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய வயல்களில் ஒரு சச்சரவும் இல்லை. தூரத்துக்கு அந்த வசதி உண்டு. அங்கிருந்து முகம் தெரியாது. முகம் தெரியாதவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

ஸ்டப்ஸ் என்பவரின் படத்தில் அறுவடை ஆட்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருக்கிறார்களே?

ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1785இல் வரைந்த இரண்டு படங்கள், லண்டன் டேட் ஓவியக்கூடத்தில் இருப்பவை. வெள்ளைக் காலுறை, மடிப்புக் கலையாத சட்டை, பெண்களுக்கு நல்ல தொப்பி. ஒரு படத்தில் குதிரை மேல் மேற்பார்வையாளர். ஸ்டப்ஸ் குதிரைகளை அறுத்துப் பார்த்து எலும்பும் தசையும் படித்தவர், உடம்பு எப்படி வளையும் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் ஒவ்வொருவரும் நிற்கும் நிலை சரியாக இருக்கிறது. வியர்வையை மட்டும் துடைத்துவிட்டார். வாங்குகிறவரின் வரவேற்பறைச் சுவரில் வியர்வைக்கு இடம் இருந்திருக்காது.

மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்கள் படத்தை எல்லாப் புத்தகத்திலும் போடுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ழான் பிரான்சுவா மில்லே நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் 1814இல் பிறந்தவர். 1849இல் பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபோனார். 1857இல் பாரிஸ் கண்காட்சியில் இந்தப் படம் வைக்கப்பட்டது. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிக்கொள்வது ஏழைகளுக்கு இருந்த பழைய உரிமை. நம் பக்கம் கடலை பிடுங்கிய காட்டில் மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைக் கிளறிப் பொறுக்குவார்களே, அதே வேலைதான். பொறுக்கியது அன்றைய சோற்றுக்கு.

படத்தின் முன்பக்கத்தில் மூன்று பெண்கள். இருவர் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவர் பாதி நிமிர்ந்து கையில் இருக்கும் கதிர்களைச் சேர்த்துப் பிடிக்கிறார். குனிந்த இருவரின் முதுகும் அடிவானக் கோட்டைத் தாண்டவில்லை. நிலம் அவர்களை விடவே இல்லை. பின்னால் வெயிலில் மலைமலையாகக் கதிர்ப் போர், நிறைந்த வண்டி, கூட்டமாக ஆட்கள், வலது கோடியில் குதிரை மேல் ஒரு மேற்பார்வையாளர். விளைந்தது அத்தனையும் அங்கே இருக்கிறது, இவர்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. கான்ஸ்டபிளின் கணக்கை மில்லே அப்படியே திருப்பிப்போட்டார். இங்கே செல்வம் சிறிதாகத் தூரத்தில் இருக்கிறது, வறுமை பெரிதாகக் கிட்டத்தில் நிற்கிறது.

1848 புரட்சி முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பாரிசின் வசதிபடைத்தவர்களுக்கு இந்த மூன்று முதுகுகளே போதும், தூக்கம் கெட்டுவிட்டது. பெண்களுக்குப் பின்னால் முதல் பிரெஞ்சுப் புரட்சியின் 1793இல் தூக்கிய ஈட்டிகளும் கொலைமேடைகளும் தெரிகின்றன என்ற பொருளில் ஒரு விமர்சகர் எழுதினார். படத்தில் கத்தியும் இல்லை, கொடியும் இல்லை. பெரிதாக வரைந்ததுதான் குற்றம்.

எப்போதும் குனிந்த மாதிரியே வரைந்தால் அவர்களை இழிவுபடுத்துவது ஆகாதா? உழைப்பாளர் சிலை போல வீரமாக வரைந்தால் என்ன?

சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். தசை ஒவ்வொன்றும் முறுக்கேறி நிற்கிறது. நல்ல சிற்பம். ஆனால் அது ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தில் யாருக்கும் இடுப்பு வலிக்காது. களை எடுப்பது, பழம் பொறுக்குவது, கிழங்கு தோல் சீவுவது போன்ற வேலைகளுக்கு அப்படி ஓர் உச்சக் கணம் கிடையாது. காலையில் தொடங்கி மாலைவரை ஒரே அசைவுதான். அதற்கு வீரநிலை கொடுத்தால் பொய்யாகிவிடும்.

குனிவது இழிவு அல்ல. குனிந்தவரைப் பார்த்து நாம் நிமிர்ந்து நிற்பதாக நினைத்துக்கொள்வதில்தான் இழிவு இருக்கிறது. வரையும்போது நீங்களும் தரையில் உட்காருங்கள். கண்மட்டம் இறங்கினால் படம் மாறும். இதைச் சொன்னால் சிலருக்குத் துணி அழுக்காகும் கவலை வருகிறது. சாக்கு கொண்டுவாருங்கள்.

எனக்கு முகம் வரைய வராது. முதுகுப் பக்கத்தையே வரைந்துவிடலாமா?

வராத முகத்தை வரைந்து கெடுப்பதைவிட முதுகு மேல். மேலே சொன்ன மில்லேயின் பெண்களுக்கும் முகம் நிழலில்தான் இருக்கிறது. அங்கே முதுகும் கையும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. ஆனால் அதற்குக் கை சரியாக இருக்க வேண்டும். முகத்தைத் தவிர்த்தவர்கள் கையையும் புதருக்குள் ஒளித்துவிடுகிறார்கள். அதற்கு மன்னிப்பு இல்லை.

நம் சேலம் பக்கத்தில் பழைய நிலக்காட்சிப் படங்களே கிடையாதா?

உண்டு. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, சேலமும் அதற்கு வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகால் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1792இல். அதே ஆண்டில் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் தெற்கே பயணம் வந்து, இராயக்கோட்டை போன்ற பாரமகால் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அவை பின்னர் இங்கிலாந்தில் அச்சுப் படங்களாக வெளிவந்தன. பாறையும் கோட்டையும்தான் அவற்றில் கதாநாயகர்கள். மனிதர்கள் பாறை எவ்வளவு பெரியது என்று காட்ட நிற்கும் அளவுகோல்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1792 முதல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இதே பகுதியில் வயல் வயலாக அளந்து வரி விதித்துக்கொண்டிருந்தார்கள். பயிரிடுகிறவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. வயலை உழுகிறவனைக் கம்பெனியின் கணக்குப் பிள்ளை கிட்டத்தில் போய்ப் பார்த்த அளவுக்கு ஓவியர் பார்க்கவில்லை.

இதற்கு நேரெதிரான ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் கம்பெனிக்காரர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்த தொழில் படங்கள். சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு கணவன் மனைவி ஜோடி, கையில் அந்தந்தத் தொழிலின் கருவி. கருவிகள் துல்லியமாக இருக்கும். ஆனால் பின்னால் வயல் கிடையாது, வெறும் தாள். கோட்டைப் படத்தில் நிலம் இருந்தது, ஆள் இல்லை. இதில் ஆள் இருக்கிறார், நிலத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை வரையப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அது காப்பித் தோட்டம் என்பதைக் கவனியுங்கள். முதுகில் கூடை தொங்கவிட்டு, இடுப்பளவு புதர்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் பெண்களை வரைந்துகொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. அது தேயிலை, அதுவும் சினிமாவில் பார்த்தது. காப்பிச் செடியின் கிளையை ஒரு கையால் வளைத்து இழுத்துப் பிடித்து, மறு கையால் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பார்கள். பை அல்லது கூடை இடுப்பில், உடம்புக்கு முன்னால் இருக்கும். ஒரே செடியில் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது என்பதால் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். நிற்பது சரிவில், ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு கிடைத்துவிட்டால் படம் பாதி முடிந்தது.

உடை: சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துணி. நவம்பர், டிசம்பர் காலையில் குளிருக்கு ஸ்வெட்டரும் இருக்கும். மழை தூறினால் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். பாவாடை தாவணி, தலை நிறையப் பூ எல்லாம் உங்கள் கற்பனை. வெளிச்சம் சில்வர் ஓக் இலைகளின் வழியாகத் துண்டுதுண்டாக விழும். ஆளின் மேலும் அப்படித்தான் விழும் என்பதால் உடம்பின் ஓரக்கோடு சில இடங்களில் காணாமல் போகும். அதை இட்டு நிரப்பாதீர்கள்.

காப்பி முடிகிற சமயத்தில் மிளகு. சில்வர் ஓக்கில் படர்ந்திருக்கும் கொடியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுவார்கள். பார்க்கவே வயிற்றைப் பிசையும். கீழே நின்று அண்ணாந்து வரைந்தால் கழுத்து வலிக்கும், ஆனால் நல்ல படம் கிடைக்கும். மாலையில் பழத்தை எடை போடும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அன்று முழுவதும் காணாத முகபாவங்களை அங்கே தராசைப் பார்க்கும் கண்களில் காணலாம்.

லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் ஓர் ஆள்கூடத் தெரியவில்லை. இல்லாத ஆளை வரையச் சொல்கிறீர்களா?

இல்லை. தெரிவதை வரையுங்கள், ஆனால் தெரிவது என்ன என்று தெரிந்துகொண்டு வரையுங்கள். ஏற்காட்டின் அந்த மலையோரப் பார்வையிடத்திலிருந்து கீழே சேலம் நகரமும், மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் வெளுத்துக் கிடக்கும் நிலமும் தெரியும். சுண்ணாம்பு கொட்டிவைத்தது போல இருக்கும் அது மேக்னசைட் சுரங்கம். உலைகளுக்கான செங்கல் செய்யப் பயன்படும் வெள்ளைக் கல். தலைமுறை தலைமுறையாகச் சேலத்து ஆட்கள் வெட்டிப் போட்ட வெண்மை. சாலையைப் பாருங்கள், இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றும் பாறையை உடைத்துப் போட்டது.

மலை உச்சி என்பது பார்வைக்கு மட்டும் உகந்த இடம் அல்ல, மேற்பார்வைக்கும் உகந்த இடம். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் நாமும் இப்போது உட்கார்ந்து பார்க்கிறோம். பார்ப்பதில் தவறில்லை. அதே குழு மறுநாள் அடிவாரத்தில் நின்று மலையை அண்ணாந்து வரைய வேண்டும் என்பது என் வகுப்பில் கட்டாயம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் நான் பேச வேண்டியதே இல்லை.

மேக்னசைட் சுரங்கம், ஜவ்வரிசி ஆலை இதெல்லாம் நிலக்காட்சியில் வருமா? பார்க்க நன்றாகவே இருக்காதே?

வரும். குஸ்தாவ் கூர்பே 1849இல் சாலையோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த இருவரைப் பார்த்து, அவர்களைத் தன் ஓவியக் கூடத்துக்கு வரவழைத்து வரைந்தார். வயதானவர் சுத்தியலோடு மண்டியிட்டிருக்கிறார், சிறுவன் கல் நிறைந்த கூடையைத் தூக்குகிறான். இந்தச் சிறுவன் என்ன ஆவான் என்று படத்தில் அந்த வயதானவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் படம் இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் பக்கம் அழிந்துபோனது. இன்று புகைப்படங்கள்தான் மிச்சம்.

ஜவ்வரிசிக்கு வருவோம். ஆத்தூர் வழியில் பஸ்ஸில் போனால் சேகோ ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று பரப்பி உலர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். பின்னால் நீல மலை, முன்னால் கண் கூசும் வெள்ளை, நடுவே பலகையால் கிளறிவிடுகிறவரின் கருத்த உருவம். இதைவிட நல்ல வண்ண அமைப்பு எந்த ஊரில் கிடைக்கும்? உள்ளே போனால் மரவள்ளிக் கிழங்கு மலை போலக் குவிந்திருக்கும், சுற்றி உட்கார்ந்து தோல் சீவுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம்மூருக்கு இவ்வளவு சொந்தமான காட்சி வேறில்லை. ஏனோ இதுவரை ஒரு மாணவரும் தானாகப் போய் வரைந்துகொண்டு வரவில்லை.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வரையலாமா? அவர்களிடம் கேட்க வேண்டுமா?

தோட்டம் தனியார் இடம். உள்ளே போக எஸ்டேட்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை செய்கிறவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். ‘அக்கா, உங்களை வரையலாமா?’ என்றால் பெரும்பாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள். வரைந்ததைக் காட்டவும் வேண்டும். மூக்கு சரியில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும்.

போட்டோவை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசி ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். ஒரே ஆளை அரைமணி நேரம் வரைந்தால் அவர் எந்தக் காலில் எடையை மாற்றுகிறார், எப்போது இடுப்பில் கை வைக்கிறார் என்பதெல்லாம் படத்துக்குள் வந்துவிடும். பறித்த எடைக்குக் கூலி என்றால் நின்று பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம் என்பதையும் மறக்கக் கூடாது.

காசு கொடுத்து நிற்கச் சொல்லி வரைந்தால் அது நாடகம் ஆகிவிடாதா?

கூர்பே அப்படித்தான் வரைந்தார் என்று மேலே சொன்னேன். வான்கோவும் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் விவசாயிகளுக்குக் காசு கொடுத்து உட்காரவைத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் தலைகளாக வரைந்து தள்ளிய பிறகுதான் 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்துக்கு வந்தார். தட்டில் நீளும் அதே கைகள்தான் மண்ணைத் தோண்டியவை என்று காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு எழுதினார். காசு கொடுத்ததால் அந்தக் கைகள் பொய்யாகிவிடவில்லை. நிற்பதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு. அவர் இழக்கும் நேரத்துக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை.

மலையாளி மக்களை அவர்களுடைய பழங்குடி உடையில் வரைய ஆசை. எங்கே போனால் பார்க்கலாம்?

நீங்கள் தேடும் உடை உங்கள் மனதில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய வழக்குக் கதை சொல்கிறது. சாமை, ராகி பயிரிடுகிறார்கள், எஸ்டேட் வேலைக்கும் போகிறார்கள், பஸ் பிடித்துச் சேலம் வருகிறார்கள். நீங்கள் போடும் சட்டையைத்தான் அவர்களும் போடுகிறார்கள். இல்லாத உடையைப் போட்டு வரைந்தால், மேலே சொன்ன கம்பெனிக் காலத்து ஜோடிப் படத்தை மறுபடியும் வரைகிறீர்கள், இரண்டு நூற்றாண்டு தாமதமாக. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள், கூட்டத்தை வரையுங்கள்.

படங்களில் ஏன் எப்போதும் பெண்களே வேலை செய்கிறார்கள்?

பழம் பறிப்பிலும் களையெடுப்பிலும் உண்மையிலேயே பெண்கள்தான் அதிகம், அதுவரை சரி. தவறு வேறு இடத்தில். குடம் சுமக்கும் பெண்ணின் இடுப்பு வளைவுக்கு ஓவியர் கொடுக்கும் கவனத்தில் கால்வாசிகூடக் குடத்தின் எடைக்குக் கொடுப்பதில்லை. தண்ணீர் நிறைந்த குடம் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். கழுத்து நரம்பு புடைக்காமல், பாதம் அகலாமல் அதைச் சுமக்க யாராலும் முடியாது. காலண்டர்ப் பெண்ணால் மட்டும் முடிகிறது. அம்ரிதா ஷேர்கில் தெற்கே பயணம் செய்துவிட்டு 1937இல் வரைந்த ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ படத்தைப் பாருங்கள். யாரும் நம்மை மகிழ்விக்க நிற்கவில்லை.

மற்றவர்களின் கஷ்டத்தை அழகாக வரைந்து விற்றுக் காசு பார்ப்பது சரியா?

இந்தத் தொகுப்பிலேயே சிக்கலான கேள்வி இதுதான். 1943 வங்கப் பஞ்சத்தைக் கறுப்பு மையால் வரைந்த சித்தபிரசாதும் ஜைனுல் ஆபிதீனும் அழகைத் தேடவில்லை. அங்கே நிலக்காட்சி என்பதே அநேகமாக இல்லை. உடம்பு, காகம், காலிப் பாத்திரம், அவ்வளவுதான். அந்த நிலைமைக்கு அந்த வழி. ஆனால் எல்லா உழைப்பும் பஞ்சம் அல்ல. காப்பித் தோட்டத்தில் அலுப்பு இருக்கிறது, கேலி இருக்கிறது, கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது. அவர்களுடைய நாளைத் துயரம் ஒன்றாகவே சுருக்குவதும் ஒருவகைத் திருட்டு.

காசு பற்றி ஒரு தகவல். மில்லேயின் ‘மாலைத் தொழுகை’, வயலில் தலைகுனிந்து நிற்கும் கணவன் மனைவியின் படம், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து 1889இல் 5,53,000 பிராங்குக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டே 8,00,000 பிராங்குக்குக் கைமாறியது. இந்தப் பணம் எதுவும் அவருடைய குடும்பத்துக்குப் போகவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு பங்கு வேண்டும் என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். பிரான்சில் 1920இல் அதற்குச் சட்டம் வந்தது. படத்தில் நின்றவருக்குப் பங்கு தரும் சட்டம் எங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. படம் விற்றால் அவருக்கு ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன். சிலர் கொடுக்கிறார்கள்.

என் அம்மாவே கூலி வேலைக்குப் போகிறவர். எனக்கு இதெல்லாம் அழகாகவே தெரியவில்லை சார். நானும் வரைய வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு அந்தக் கடமை எதுவும் இல்லை. பூ வரையுங்கள், ரயில் வரையுங்கள், ஒன்றுமே புரியாத வண்ணக் கட்டங்களை வரையுங்கள். கூலி வேலை செய்கிறவரின் பிள்ளை கூலி வேலையைத்தான் வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை மேஸ்திரித்தனம்.

எப்போதாவது வரையத் தோன்றினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத சில உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் எதைக் கீழே வைக்கிறார், விரல் நுனியில் எந்த இடத்தில் கறை போகவே போகாது. அவற்றை வரைய எங்களால் முடியாது. மில்லேயும் சிறுவயதில் வயலில் வேலை செய்தவர்தான், அவருடைய மண்வெட்டிகள் சரியான எடையோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அழகாகத் தெரியவில்லை என்றால் அழகில்லாமலே வரையுங்கள்.

படத்துக்கு என்ன தலைப்பு வைப்பது?

‘உழைப்பே உயர்வு’, ‘வியர்வைப் பூக்கள்’ வேண்டவே வேண்டாம். செய்யும் வேலையின் பெயரை வையுங்கள்: ‘மிளகு பறிப்பு’, ‘கிழங்கு சீவுகிறார்கள்’. தாளின் பின்பக்கம் ஊர், மாதம், நேரம் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் எழுதுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். ஆண்ட்ரூஸ் தம்பதியின் பெயர் நமக்குத் தெரியும். அவர்களுடைய கோதுமையை அறுத்த ஒருவரின் பெயரும் தெரியாது.